ஆமை வீட்டு விஸ்டினுக்குத் தெரியாத ஓட்டு

“எங்க தெருவுல எனக்குத் தெரியாத ஓட்டு ஒண்ணே ஒண்ணு இருக்குன்னு எவனாவது காட்டட்டும். காட்டிட்டா, அந்தோணியார எறக்கி வச்சுட்டு என்னையத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போங்க!”

ஆமை வீட்டு விஸ்டின் அவர்கள் இப்படிச் சூளுரைத்தது கட்சி மன்றத்து மதுக்கூடத்தில், பாலாடைப் பஃப் ஒன்றைப் பாதி கடித்த நிலையில். அந்தோணியாரை இழுத்துப் பேசியதற்காக ஒருவர் மட்டும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஆமை வீடு என்பது குடும்பப் பட்டப்பெயர். மூதாதையர் ஒருவர் ஆமை வளர்த்தாரா, ஆமைபோல நடந்தாரா என்பதில் அறிஞர்களுக்குள், அதாவது அந்த மதுக்கூடத்தில் தினமும் உட்காரும் இருவருக்குள், இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.

இந்த மால்டாத் தீவில் கட்சிகள் இரண்டு. ஒன்று நம்முடையது, மற்றது அவர்களுடையது. எது சிவப்பு, எது நீலம் என்று இங்கே எழுதமாட்டேன்; எனக்கும் இதே தெருவில்தான் வீடு. விஸ்டின் நம் கட்சியின் தெருப் பொறுப்பாளர். துறைமுகத்தில் பளுத்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் உட்கார்ந்து கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தே காலம் கழித்ததால், தரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

நாட்டுத் தேர்தலென்றால் விஸ்டினுக்குப் பிடிக்கும். ஆனால் ஐரோப்பாவின் பெரிய நாடாளுமன்றத்துக்கு எங்கள் தீவிலிருந்து ஆறு பேரை அனுப்பும் தேர்தலென்றால் உயிர். அந்த ஆறு பேர் பிரஸ்ஸல்ஸ் போய் என்ன செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. போன ஆறு பேருக்கே தெரியுமா என்பதிலும் அவருக்கு ஐயம் உண்டு. அவரைக் கவர்ந்தது ஓட்டுச்சீட்டின் நீளம். தீவு முழுவதும் ஒரே தொகுதி என்பதால் இரு கட்சிக்காரர்களும் உதிரிகளும் ஒரே சீட்டில் வரிசைகட்டி நிற்பார்கள். விரித்தால் வாழையிலை, மடித்தால் பெட்டியின் வாய் கொள்ளாது.

நீளத்தில் அவருக்கு என்ன லாபம்? சொல்கிறேன்.

எங்கள் சீட்டில் பெயருக்கு நேரே முத்திரை குத்துவதில்லை, எண் போடுகிறோம். மிகப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று, பிடிப்புக் குறையக் குறைய எண் ஏறும். முதல் மூன்று எண் யாருக்கு என்பதைக் கட்சி சொல்லிவிடும். நம் கட்சியின் மற்ற வேட்பாளர்களில் நான்கும் ஐந்தும் யாருக்கு என்பதை விஸ்டின் சொல்வார். அதை வீட்டுக்கு வீடு மாற்றிச் சொல்வார். மீன்காரர் வீட்டுக்கு, பல் டாக்டருக்கு நான்கு, பந்தாட்ட வீரருக்கு ஐந்து. எதிர்வீட்டுக்கு, பந்தாட்ட வீரருக்கு நான்கு, பேராசிரியருக்கு ஐந்து. “ஏம்ப்பா இப்படி?” என்று கேட்டால், குரலைத் தாழ்த்தி, “மேலிடத்துக் கணக்கு. வெளிய சொல்லாதீங்க” என்பார். மேலிடத்துக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பது மேலிடத்துக்கே தெரியாது.

பெட்டி திறக்கும் நாளில்தான் வேடிக்கை. எண்ணும் மண்டபத்தில் எண்ணுகிறவர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு உண்டு. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகக் கவிழ்த்து, சீட்டின் முகம் மேலே தெரியும்படி விரித்து அடுக்குவார்கள். விஸ்டின் எங்கள் தெருப் பெட்டிக்கு எதிரே கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்பார். நான்கும் ஐந்தும் யாருக்கு விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், சீட்டின் முகத்தில் வீட்டின் கதவு தெரிந்துவிடும். இரகசிய வாக்கெடுப்பு என்று அரசமைப்பில் எழுதி வைத்தவர்கள் விஸ்டினைச் சந்தித்ததில்லை.

நான் சொல்லும் தேர்தல், சீட்டை எந்திரம் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது. அந்தமுறை நம் பக்கத்தில் முதல் எண் டாக்டர் ஷிபெராஸுக்கு. அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை, வக்கீல். இங்கே வக்கீலையும் டாக்டர் என்றுதான் அழைக்கிறோம்; இரு தரப்பிடமும் போனால் உடம்பு இளைத்துத் திரும்புகிறோம் என்பதால் இருக்கலாம். அவர்கள் பக்கத்தில் முதலிடத்துக்கு நின்றவர் டாக்டர் ரமோனா, அவரும் வக்கீல்.

டாக்டர் ஷிபெராஸ் தெருவுக்கு வந்த அன்று விஸ்டின் வீட்டில்தான் காப்பி.

“மிஸிஸ் விஸ்டின், உங்க காப்பிக்கு பிரஸ்ஸல்ஸே ஈடாகாது” என்றார் டாக்டர்.

“பவ்லா” என்றார் விஸ்டினின் மனைவி.

“யாரு?”

“என் பேரு, டாக்டர்.”

“அடடா, அழகான பேரு! விஸ்டின், இந்தத் தெரு எப்படி? நம்பலாமா?”

விஸ்டின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “நம்ம ஆளுங்க எல்லாம் கல்லு மாதிரி, டாக்டர். ஒரே ஒரு ஆளு மேலதான் எனக்கு ஒரு இது.”

“யாரு?”

“ஜம்ரி.”

காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த பவ்லா நின்றார். “ஜம்ரியா? உன்கூடவே பொறந்தவன் மாதிரி இருக்கறவன் மேலயா?”

“கூடப் பொறந்தவனுக்கு ஓட்டு இல்லியா என்ன?” என்றார் விஸ்டின்.

ஜம்ரி எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரர். மனைவியை இழந்தவர், தனி ஆள். அவரும் விஸ்டினும் அச்சில் வார்த்ததுபோல ஒரே உயரம். திருவிழா ஊர்வலத்தில் அந்தோணியார் சிலையைத் தாங்கும் மரத்தண்டுகளுக்கு அடியில் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் தோள் கொடுப்பவர்கள் அவர்கள்தான். தோள் அளவு பொருந்தாத ஜோடி அமைந்தால் புனிதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்தவர்போலத் தெருவில் வருவார். பக்கத்து ஊர்க்காரர்கள் அதை அடுத்த திருவிழாவரை சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே எங்கள் ஊரில் திருமண ஜோடியைவிடத் தண்டு ஜோடியைப் பார்த்துச் சேர்ப்பார்கள். பிரிப்பதும் அதைவிடக் கடினம்.

இப்பேர்ப்பட்ட ஜம்ரியின்மேல் ஐயம் எப்படி முளைத்தது? குருவியால். ஜம்ரி வலை விரித்துக் குருவி பிடிப்பவர். பாடுகிற சின்னக் குருவிகள். மனைவி போன பிறகு அவற்றோடுதான் பேச்சு. ஐரோப்பா அந்த வலைகள் கூடாது என்றது. கூண்டுகள் காலியாயின; அந்தக் கோபத்தில் கட்சி மாறிவிடுவாரோ என்று விஸ்டின் நினைத்தார். அப்புறம் ஒருநாள் டாக்டர் ரமோனா தம் கட்சித் துண்டறிக்கையோடு வந்தபோது, ஜம்ரி கதவைச் சாத்தாமல் நின்று பேசினார். சிரிக்கவும் சிரித்தார். விஸ்டின் தம் மாடத்து மரச்சட்டத்தின் இடுக்கு வழியே பார்த்தார்.

அன்று முதல் எல்லாமே சாட்சியாகிவிட்டது. கட்சிக் கொடியை ஜம்ரி தொங்கவிடவில்லை, குற்றம். கேட்டதும் உடனே தொங்கவிட்டார். அதைவிடப் பெரிய குற்றம், மறைக்கப் பார்க்கிறார். காவலர் வீடு வீடாக வந்து ஓட்டு ஆவணம் கொடுத்தபோது ஜம்ரி முதல் தட்டலிலேயே வாங்கிக்கொண்டார். “என்ன அவசரம் அவனுக்கு?” என்றார் விஸ்டின். அதே காவலரை இரண்டு முறை வரச்செய்த மீன்காரரைப் பற்றி, “பாத்தியா, பொறுமையான ஆளு” என்றார்.

ஒருநாள் நேராகவே பேசிப் பார்த்தார்.

“என்னடா ஜம்ரி, நான் சொன்ன நாலும் அஞ்சும் ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு, இருக்கு.”

“சொல்லு பாப்போம்.”

“ஏண்டா, பள்ளிக்கூடப் பரீட்சையா வைக்கற? இருக்குன்னா இருக்கு.”

“ரமோனா என்னமோ உன்கிட்ட ரொம்ப நேரம் பேசுனாளாமே?”

“ஆமா. குருவிங்களுக்கு என்ன தீனி போடுவீங்கன்னு கேட்டா.”

“குருவியே இல்லியே உன்கிட்ட!”

“அதத்தான் நானும் சொன்னேன். சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிக்கக் கூடாதுன்னு கட்சில சட்டம் இருக்கா?”

விஸ்டின் திரும்பி நடந்தார். வீடு வந்து சேர்வதற்குள் அவருடைய ஐயம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

ஓட்டு நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்து வாசலுக்கு எதிர்ச்சாரியில் மடக்கு நாற்காலி போட்டு விஸ்டின் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்திலேயே, நிழலுக்காக, அவர்கள் கட்சித் தெருப் பொறுப்பாளர் ஃப்ரேதுவும் உட்கார்ந்தார். இருவரும் ஜென்ம விரோதிகள்; ஆனால் நிழல் ஒன்றுதான் இருந்தது.

“உன் பவ்லா வந்துட்டுப் போயிருச்சு போல” என்றார் ஃப்ரேது.

“நாங்க ரெண்டு பேரும் வந்த உடனே போட்டாச்சு. எங்க வீட்டு ஓட்டுக்கு நீ கண்ணு வைக்காத.”

“எனக்கெதுக்கு? எங்க ஆளுங்க ஓட்டே எனக்குப் போதும். அங்க பாரு, உன் ஜோடி வர்றான்.”

ஜம்ரி உள்ளே போனார். வரவில்லை. அவருக்குப் பின்னால் போனவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போனவர்களும் வந்தார்கள். ஒருவழியாக ஜம்ரி வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். நெற்றியில் வியர்வை. விஸ்டினைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

“ஒரு மனுஷன் சொன்னத எழுதறதுக்கு இவ்ளோ நேரமா?” என்றார் விஸ்டின்.

“சொல்லாதத எழுதறதுக்குத்தான் நேரமாகும்” என்றார் ஃப்ரேது. பிறர் ஐயத்தைத் தாளித்துவிடுவதில் ஃப்ரேதுவுக்கு நல்ல கைப்பக்குவம்.

மறுநாள் எண்ணும் மண்டபம். எங்கள் பெட்டி கவிழ்ந்தது. கண்ணாடியில் விஸ்டினின் மூக்கு; அதற்கு ஒரு சாண் தள்ளி ஃப்ரேதுவின் மூக்கு. சீட்டு ஒவ்வொன்றாக விரிய விரிய, விஸ்டின் மனத்துக்குள் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனார். பல் டாக்டரும் பந்தாட்டமும்: மீன்காரர். பந்தாட்டமும் பேராசிரியரும்: எதிர்வீடு. பேராசிரியரும் பல் டாக்டரும்: அவருடைய சொந்த வீடு, ஆமை வீடு. ஒன்று வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்றும் வந்தது. புருஷன் பெஞ்சாதி, கணக்குச் சரி. விஸ்டின் கண்ணாடிமேல் பெருமூச்சு விட்டார், அதில் ஆவி படிந்தது, துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

நம் வீடுகள் எல்லாம் வந்துவிட்டன. ஜம்ரியின் குறி மட்டும் வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சீட்டு விரிந்தது. டாக்டர் ரமோனாவுக்கு ஒன்று. நம் டாக்டர் ஷிபெராஸுக்கு இரண்டு. அதற்குமேல் எண்ணே இல்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு கால், நம் பக்கத்தில் ஒரு கால்! கண்ணாடிக்கு இப்பக்கம் ஒரே கூச்சல். இந்தத் தீவில் மதம் மாறினவர்களைக்கூட மன்னிப்பார்கள். ஒரே சீட்டில் இரண்டு கட்சிக்கு எண் போட்டவரை என்ன செய்வதென்று எங்கள் மரபில் இன்னும் முடிவாகவில்லை.

“மாதாவே! யாரு பெத்த புள்ள இது?” என்று ஃப்ரேது கண்ணாடியைத் தட்டிச் சிரித்தார். “விஸ்டின், உனக்குத் தெரியாத ஓட்டா? சொல்லேன், எந்த வீடு?”

“தெரியும்” என்றார் விஸ்டின். “நல்லாவே தெரியும்.”

டாக்டர் ஷிபெராஸ் ஜெயித்தார். டாக்டர் ரமோனாவும் ஜெயித்தார். இருவரும் ஒரே விமானத்தில் பிரஸ்ஸல்ஸ் போகப்போகிறார்கள் என்றும், முன்னதாகவே ஒன்றாக உட்கார்ந்து மீன் சாப்பிட்டார்கள் என்றும் பேச்சு. தெருவில் வாகனங்கள் ஒலியெழுப்பிக்கொண்டு ஊர்வலம் வந்தன. விஸ்டின் கொண்டாடவில்லை. அவர் நேரே சிலை தூக்குவோரின் தலைவர் லோலியிடம் போனார்.

“எனக்கு வேற ஜோடி போடு, லோலி.”

“என்னது? திருவிழா அடுத்த ஞாயித்துக்கிழமைடா. ஜம்ரிக்கு என்ன, ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் அந்தப் பக்கம் சாஞ்சுருச்சு. சாஞ்ச தோளோட நான் அந்தோணியாரத் தூக்கமாட்டேன்.”

“உன் உயரத்துக்கு வேற ஆளு இல்ல. அவன் வேணாம்னா நீ நின்னுக்கோ.”

“நான் ஏன் நிக்கணும்? தப்புப் பண்ணவன் நிக்கட்டும்.”

லோலி நல்ல மனிதர். ஆனால் அவரும் நம் கட்சி. நம் கட்சியில் விஸ்டின் பெரிய தலை. ஆகவே இரண்டு பேரையும் பிரித்து, ஜம்ரியைப் பின்வரிசைக்கு மாற்றுவதென்று அவர் சொல்லிப் பார்த்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் குட்டை. ஜம்ரியின் தோள்மேலேயே முழுப் பாரமும் வந்துவிழும். கடைசியில், “இந்த வருஷம் நீ பாத்துக்கிட்டு மட்டும் வா, ஜம்ரி” என்று லோலி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

வேறொருவருக்கு இது சின்ன விஷயம். ஜம்ரிக்கு மனைவி இல்லை, குருவியும் இல்லை. அந்தத் தண்டுக்கு அடியில் நடக்கிற ஒரு மாலைதான் ஆண்டில் மிச்சம். அவர் விஸ்டினைத் தேடிக்கொண்டு மன்றத்துக்கே வந்தார். உள்ளே எல்லோரும் குடியை நிறுத்தினார்கள். காதால் குடிக்கத் தொடங்கினார்கள்.

“ஏண்டா, என் தோளு உனக்கு என்ன பண்ணுச்சு?” என்றார் ஜம்ரி.

“உன் தோளு ஒண்ணும் பண்ணல. கைதான் பண்ணுச்சு. ரமோனாவுக்கு ஒண்ணு, டாக்டருக்கு ரெண்டு. நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்க.”

“நான் போட்டத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“என் பேரு எழுதியிருந்துச்சா அதுல?”

“பேரு எதுக்கு? உன் நாலும் அஞ்சும் எங்கயும் வரல. நீ இல்லேன்னா வேற யாரு? இல்லேன்னு சொல்லு, இப்பவே. என்ன போட்டேன்னு சொல்லு, கேட்டுக்கறேன்.”

ஜம்ரி வாயைத் திறந்தார். மன்றமே முன்னால் சாய்ந்தது. பிறகு மூடிக்கொண்டார்.

“எங்கப்பா என்கிட்ட இதக் கேட்டதில்ல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கூடக் கேட்டதில்ல. கட்டுனவ கடைசிவரைக்கும் கேட்டதில்ல. நீ கேக்கறியா? சொல்லமாட்டேன், போடா.”

“பாத்தீங்களா!” என்று விஸ்டின் மன்றத்தைச் சுற்றிப் பார்த்தார். “குத்தமில்லாதவன் வாயத் தொறப்பான்.”

“குத்தமில்லாதவன் கோவப்படுவான்” என்றார் ஜம்ரி. போய்விட்டார்.

அடுத்த சில நாள் விஸ்டின் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அவருடைய ஐயம் நிரூபணமாகிவிட்டது. ஐயப்படுகிறவனுக்கு அதைவிட விருந்து உண்டா? வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் முயல் குழம்பு. அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “ஜம்ரி இன்னிக்கு, தண்டுக்கு அடியில தோள்ல வைக்கிற திண்டை லோலிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டானாம். நல்லது. துரோகிக்கு அந்தோணியார் எதுக்கு?”

பவ்லா அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டார்.

“திருப்பிக் குடுத்துட்டானா?”

“ஆமா.”

“அழுதானா?”

“எனக்கென்ன தெரியும்? நான் போகல.”

பவ்லா நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். முயல் குழம்பு கொதிக்கும்போது பவ்லா உட்கார்ந்து விஸ்டின் பார்த்ததில்லை.

“விஸ்டின், அவன் நம்ம கட்சிக்குத்தான் போட்டான்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“ஓட்டுப் போட்ட அன்னிக்கிக் காலைல ரொட்டி வண்டிக்கிட்ட வந்து நின்னான். மொகமெல்லாம் வேர்த்திருந்துச்சு. ‘பவ்லா, அவன் சொன்ன நாலும் அஞ்சும் மறந்துபோச்சு. திரும்பக் கேட்டா என்னயச் சந்தேகப்படுவான். உனக்குத் தெரியுமா?’ன்னான். அவனோடது எனக்கெப்படித் தெரியும்? நம்ம வீட்டோடதச் சொல்லி அனுப்புனேன். ‘பேராசிரியருக்கு நாலு, பல் டாக்டருக்கு அஞ்சு’ன்னு சொல்லிக்கிட்டே போனான். உள்ள போயும் பத்து வாட்டி சொல்லிப் பாத்திருப்பான், பாவம்.”

விஸ்டின் வெற்றிக் களிப்போடு விரலை உயர்த்தினார். “பொய்! நம்ம வீட்டுக் குறி மூணு வந்திருக்கணுமே அப்ப? ரெண்டுதான் வந்துச்சு. என் கண்ணால பாத்தேன். ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு...”

விரல் அங்கேயே நின்றது.

ஒன்று அவருடையது. இன்னொன்று ஜம்ரியுடையது. ஆமை வீட்டில் ஓட்டு இரண்டு; மிச்சம் இருந்தது அந்த ரமோனாச் சீட்டு ஒன்றுதான்.

முயல் கொதித்துக்கொண்டிருந்தது. பவ்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தாழ்த்தவில்லை, புன்னகைக்கவும் இல்லை.

“என்ன, கேளேன்” என்றார்.

விஸ்டின் விரலை இறக்கினார். ரொட்டியை எடுத்தார். எடுத்த ரொட்டியைக் குழம்பில் தோய்க்காமலே தின்றார். இந்தத் தெருவில் எத்தனையோ சமையலறைகளில் உட்கார்ந்து, குழைந்தும் மிரட்டியும் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான். அதை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினார்.

“குழம்பு அடிப்பிடிக்குது” என்றார் கடைசியில்.

அன்று மாலை கோயில் பக்கத்து முற்றத்தில் தண்டு ஒத்திகை. அந்தோணியாரை இறக்கித் தண்டுகளைக் கோத்து வைத்திருந்தார்கள். தூக்குபவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒத்திகை பார்க்க அவர்கள் கட்சி ஃப்ரேதுவும் வந்திருந்தார். புனிதருக்குக் கட்சி கிடையாது என்பது எங்கள் ஊரில் அதிகாரபூர்வமான நிலைப்பாடு. முன்வரிசையில் விஸ்டினுக்குப் பக்கத்து இடம் காலி. லோலி அங்கே நிறுத்திப் பார்த்த இளைஞன் தோளில் தலையணை கட்டியிருந்தான்; கட்டியும் எட்டவில்லை.

ஜம்ரி ஓரமாக, சுவரில் சாய்ந்து நின்றார். லோலி சொன்ன மாதிரி பார்த்துக்கொண்டு மட்டும் வருவதற்காக.

விஸ்டின் தண்டை விட்டு வெளியே வந்தார். எல்லோரும் பார்க்க அவரிடம் நடந்துபோனார்.

“வாடா. உன் எடத்துல நில்லு.”

“எதுக்கு? துரோகி தோளு சாஞ்ச தோளாச்சே.”

“நீ இல்லடா அது. அந்தச் சீட்டு உன்னுது இல்ல.”

“அன்னிக்கு என்னுதுன்ன?”

“அன்னிக்குத் தப்பாச் சொன்னேன்.”

முற்றத்தில் ஒரு சலசலப்பு. விஸ்டின் தப்பு என்ற சொல்லைத் தம்மைக் குறித்துப் பயன்படுத்தி அந்தப் பகுதியில் யாரும் கேட்டதில்லை. ஜம்ரி சுவரிலிருந்து நிமிர்ந்தார். ஆனால் அவரும் மனிதர்தானே. மன்றத்தில் எல்லோர் முன்னாலும் பட்ட அவமானத்தை முற்றத்தில் எல்லோர் முன்னாலும் கழிக்க வேண்டியிருந்தது.

“என்னுது இல்லேன்னு எப்படித் தெரியும் உனக்கு?”

“தெரியும்.”

“அப்ப யாருதுன்னும் தெரிஞ்சிருக்கணும். இவங்க எல்லாரும் ஒரு வாரமா என்னைய ஒரு மாதிரிப் பாத்தாங்க. அவங்க முன்னாடி சொல்லு. யாருது? சொன்னாத்தான் தண்டத் தொடுவேன்.”

“ஆமா, சொல்லு விஸ்டின்!” என்று ஃப்ரேது பின்னாலிருந்து கையைத் தட்டினார். “உனக்குத் தெரியாத ஓட்டு ஏது இந்தத் தெருவுல?”

லோலி ஃப்ரேதுவை முறைத்தார். தலையணை கட்டிய இளைஞன் நல்ல சமயம் பார்த்துத் தலையணையை அவிழ்த்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. முற்றத்து வாசலில், திருவிழாக் கொடித்துணிகளைத் தைத்து எடுத்துவந்த பெண்களோடு பவ்லாவும் நின்றிருந்தார். அவருடைய கை மடித்த துணியின்மேல் அப்படியே இருந்தது.

விஸ்டின் வாசல் பக்கம் திரும்பவில்லை. ஜம்ரியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

“தெரியாது” என்றார்.

“என்னது? கேக்கல” என்றார் ஃப்ரேது.

“தெரியாதுன்னேன்யா. எனக்குத் தெரியாது.”

ஜம்ரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மேற்சட்டையைக் கழற்றி லோலியிடம் கொடுத்துவிட்டு, காலியாக இருந்த இடத்துக்கு வந்து தண்டுக்கு அடியில் குனிந்தார். விஸ்டினும் குனிந்தார். லோலி தட்டியதும் அந்தோணியார் எழுந்தார், கொஞ்சமும் சாயாமல்.